பாதிச் சுற்றில் வழுக்கும், மூடி விரலை அறுக்கும் டப்பா திறப்பான்

நீங்கள் செய்துபார்க்கும் டப்பா திறப்பான் பாதிச் சுற்றில் வழுக்குகிறது, வெட்டிய மூடி விரலை அறுக்கிறது, வெட்டுச் சக்கரத்தை மழுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அதை மழுக்கிப் பயனில்லை, வெட்டும் இடத்தை மாற்றுங்கள். உங்கள் மாதிரி மேலிருந்து, விளிம்புக்கு உட்புறமாக வெட்டுகிறது. அங்கே இருப்பது ஒற்றைத் தகடு, எப்படி அறுத்தாலும் கத்திபோலத்தான் நிற்கும். விளிம்பிலோ மூடித் தகடும் உடல் தகடும் கொக்கிபோல் கோத்து மடிந்திருக்கின்றன. சக்கரத்தைப் படுக்கையாக வைத்து, அந்த மடிப்பின் வெளி அடுக்கை மட்டும் பக்கவாட்டில் அறுங்கள். மூடி முழுதாகக் கழன்று வரும், உணவுக்குள்ளும் விழாது.

பாதிச் சுற்றில் வழுக்குவது வேறு சிக்கல். பெரும்பாலும் விளிம்பைப் பற்றி டப்பாவைச் சுழற்றும் பற்சக்கரத்துக்கும் வெட்டுச் சக்கரத்துக்கும் இடையே இடைவெளி கூடியிருக்கும்.

காரணத்தைக் கண்டறிய, விளிம்பில் மார்க்கர் மை பூசி ஒரு சுற்று சுற்றுங்கள். பல் தடம் இங்கும் அங்குமாக மங்கினால் சக்கரத்தைத் தாங்கும் அச்சுத்தண்டு வளைகிறது, தடிமனாக்குங்கள். டப்பா உடலின் நெடுக்கு இணைப்பருகே மட்டும் நழுவினால், அங்கே மடிப்பு தடித்திருப்பதுதான் காரணம். சரி, அதற்கு ஒரு ஸ்பிரிங் போதும், சக்கரம் கொஞ்சம் விலகி மறுபடி அழுத்தும்.

ஒன்று மட்டும்: இந்த முறையிலும் சக்கரம் மழுங்கிவிட்டால் மெல்லிய உலோகச் சிம்பு உதிர்ந்து உணவில் சேரலாம். அதனால் சக்கரத்தைக் கழற்றி மாற்றும்படி அமையுங்கள். சோதனை முடியும்வரை கையுறை இல்லாமல் மூடியைத் தொடாதீர்கள்.