வலை, படகு பற்றிக் கேளுங்க (சமையல் கேள்வி வேண்டாம்)

கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

கே: மீன்பிடியை ரொம்ப மாத்தினது இன்ஜின்தானே ஐயா?
ப: இன்ஜின் தூரத்தைக் கொடுத்துச்சு தம்பி. தொழிலையே மாத்தினது நூல். பருத்தி வலை கரைக்கு வந்ததும் காயணும், இல்லேன்னா மக்கிப்போகும். பனிச்சங்காய்னு ஒரு துவர்ப்புக் காயை இடிச்சு ஊறவெச்ச சாற்றில் முக்கி எடுத்தா நூல் கறுத்து இறுகும். திரும்பத் திரும்பச் செய்யணும். 1960களில் நைலான் பரவின பிறகு அந்த வேலை போச்சு. எடை குறைவு, அதனால் வலை நீண்டுச்சு. அப்புறம் நரம்பு வலை, அதாவது ஒற்றை இழை நைலான் வலை. தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது. ஆனா கடலில் அறுந்து போனா மக்காம கிடந்து மீனைக் கொல்லும். கிழிசலைக் கரைக்குக் கொண்டு வாங்க.

கே: வஞ்சிரம் புதுசான்னு எப்படிப் பார்ப்பது?
ப: செவுளைத் தூக்கிப் பாருங்க. அடுத்தது.

கே: கட்டுமரம் சுனாமியால்தானே அழிஞ்சுது?
ப: ஃபைபர் படகு 2004க்கு முன்னாடியே வந்தாச்சு. சுனாமி நிவாரணமா வந்து குவிஞ்ச படகுகள் மிச்சத்தை முடிச்சுது. கட்டுமரத்தில் ஆணி கிடையாது, கயிற்றுக் கட்டுதான். மேலே ஏறின அலை இடுக்கு வழியா வடிஞ்சிடும். துறைமுகமில்லாத மணற்கரைக்கு அதைவிடத் தோதான கலம் ஏது? கரை சேர்ந்ததும் அவிழ்த்து மரத்தைக் காயப்போடுவாங்க.

கே: சங்க காலத்தில் வலை மட்டும்தானா?
ப: இல்லம்மா. குறுந்தொகை 304இல் பரதவர் திமில்ங்கிற படகில் போய் எறியுளி, அதாவது ஈட்டி மாதிரி ஒண்ணை வீசிக் கோட்டுமீன் (சுறா) பிடிக்கிறாங்க. உளிக்கு மூங்கில் காம்பு, அதில் கயிறு.

கே (புதுச்சேரி வீராம்பட்டினத்திலிருந்து): சுருக்குமடிக்கு மட்டும் ஏன் தடை? இழுவைமடி அடித்தரையையே வழிச்சுட்டு வருதே?
ப: நியாயமான கோபம். சுருக்குமடி வலையின் அடியில் வளையங்கள், அதுக்குள்ளே கயிறு. மத்திக் கூட்டத்தைச் சுற்றி வளைச்சு இழுத்தா அடி மூடிக்கும், கூட்டமே உள்ளே. தமிழ்நாடு 2000இல் தடை போட்டுச்சு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரைன்னு இடைக்கால அனுமதி கொடுத்துச்சு.

கே (அவரே): மத்தி கரையோரம் நிற்கும். 12 மைலுக்கு வெளியே எதைப் பிடிக்க?
ப: அதான் சிக்கல். ஆனா பக்கத்தில் சின்ன வலை விடுறவனுக்கு அன்னிக்கு என்ன மிஞ்சும்? இழுவைமடியையும் கட்டுப்படுத்தணும்னுதான் நானும் சொல்றேன். அதைக் காட்டி சுருக்குமடிக்கு வழி விடச் சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

கே: மீன்பிடித் தடைக்காலம் எப்போ?
ப: இதைக் கேட்கிற மூணாவது ஆள் நீங்க. ஏப்ரல் 15 – ஜூன் 14, 61 நாள், விசைப்படகுக்கு.

கே: அப்போ வஞ்சிரம் விலை என்னவா இருக்கும்?
ப: மீன் அங்காடியில் கேளுங்க.