பைலட் கஸ்டம் 823 மைப்பேனா: ஒரு பக்கம் எழுதியதும் மை நின்றுவிடுகிறது

பின்பக்கக் குமிழை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தெரியும்வரை தளர்த்திவிட்டு எழுதுங்கள். உள்ளே மை தளும்பும்போதே பேனா வறண்டுபோவது 823-இல் பழுதல்ல.

இது வெற்றிட முறையில் மை உறிஞ்சும் பேனா. குமிழை முழுக்க இறுக்கினால், அதோடு இணைந்த உள்தண்டின் நுனியிலுள்ள ரப்பர் அடைப்பான் பேனாவின் கழுத்தில் உட்கார்ந்து நிப்புக்குப் போகும் வழியை மூடிவிடும். மை கசியாமல் தடுப்பதால் விமானத்தில் போகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடியபின் நிப்புக்கு அடியிலுள்ள கட்டையில் தேங்கிய மை மட்டுமே எழுதும். உங்களுடைய அந்த ஒரு பக்கம் அதுதான்.

தளர்த்தியதும் நிப்பைக் கீழ்நோக்கி அரை நிமிடம் பிடித்துவிட்டு, நிறுத்தாமல் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள்.

அப்படியும் நின்றால் கட்டையில் பழைய மை காய்ந்திருக்கலாம். பச்சைத் தண்ணீரை நாலைந்து தடவை உறிஞ்சி வெளியேற்றுங்கள், வெந்நீர் கூடாது. பின்பகுதியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.