பள்ளி விட்டதும் பிள்ளையை யார் பார்ப்பது?

கேள்வி: வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளை, பள்ளி முடிந்தபின் வெளிநாடுகளில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? நம் ஊரில் அது நடக்குமா?

நடக்கும். நகரங்களுக்கு முன்னால் எங்கள் நீலகிரியின் பந்தலூர், கூடலூர் பக்கம்தான் அது நடக்க வேண்டும் என்பேன்.

என் அம்மா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சாயங்காலம் எடை போட்டு முடித்து, தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டுக்கு வந்து சேர ஐந்தரை மணி தாண்டிவிடும். பள்ளியோ நாலு மணிக்கே விட்டுவிடும். நடுவில் நானும் தம்பியும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பொறுப்பு. அவர் ஊருக்குப் போயிருந்தால் யாருடைய பொறுப்பும் இல்லை.

ஸ்வீடனில் இந்த நேரத்துக்குப் பொறுப்பு உள்ளாட்சியுடையது. பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ இருந்தால், பிள்ளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதாகும் வரை பள்ளிக்கு முன்னும் பின்னும், விடுமுறையிலும்கூட பராமரிப்பு மையத்தில் இடம் தர வேண்டும். கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஜப்பானில் பல ஊர்களில் பள்ளியின் காலி வகுப்பறையிலேயே நடத்துகிறார்கள். மாலைத் தீனியும் உண்டு. ஜெர்மனியில் 2026 ஆகஸ்டில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் தொடங்கி, 2029-இல் நான்காம் வகுப்பு வரை முழுநாள் பராமரிப்பு சட்டப்படியான உரிமை ஆகிறது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் அது ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். அங்கன்வாடியும் அந்த வயதோடு சரி. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்பதுபோல எல்லாரும் கையை விட்டுவிடுகிறார்கள்.

சமவெளியில் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தெருவே பார்த்துக்கொள்ளும். இங்கே தேயிலைக் காட்டுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை, ஐந்து மணிக்கே மூடும் பனி, யானை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே அம்மாவோடு நடந்து வந்த மூன்று வயதுக் குழந்தையையே சிறுத்தை தூக்கிப் போய்க் கொன்றது. அம்மா பக்கத்தில் இருந்தபோதே அப்படியென்றால், தனியாக வரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

புதிதாகக் கட்டிடம் கேட்கவில்லை. வகுப்பறை இருக்கிறது, சத்துணவு அடுப்பு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடியற்காலையில் வேலைக்கு ஓடும் அம்மாக்களின் பெரிய கவலையைத் தீர்த்தது. அதே அடுப்பில் மாலையில் ஒரு சுண்டல் வேகாதா? மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஊருக்குள்ளேயே ஆள் கிடைப்பார்கள் என்பதை, தன்னார்வலர்களை வைத்து மாலை வகுப்பு நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காட்டிவிட்டது. ஆனால் அதில் கொடுத்ததுபோல மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை போதாது, ஒழுங்கான சம்பளம் வேண்டும். அப்புறம் மலைக்கென்று இன்னொன்று: பெற்றோர் கையில் ஒப்படைக்காமல் பிள்ளையை அனுப்பக்கூடாது. தூரத்து லைன்களுக்கு ஜீப் ஏற்பாடு இல்லாவிட்டால் இதைத் தொடங்கியும் பயனில்லை.

இதைக் கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெரும்பாலானோர் பெற்றோர்கள்தான். ஆறு மணி வரை பள்ளியைத் திறந்துவைக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள்.