கிரியாட்டினின் 2.6, கூடவே கொரோனாவும் வந்தால்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. பல வருடமாகச் சர்க்கரை. போன மாத ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 2.6. "கிட்னி கோளாறு உள்ளவங்க கொரோனாவில் அட்மிட் ஆனா திரும்ப மாட்டாங்க" என்று எங்கள் சொசைட்டியில் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மா அவரை வெளியே விடுவதே இல்லை. இது உண்மையா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அப்படிச் சொன்னது தவறு. ஆனால் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்தான்.

கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. 62 வயது ஆணுக்கு அது 2.6 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) ஏறக்குறைய 27, அதாவது கிட்னி நோயின் ஐந்து நிலைகளில் நான்காம் நிலை. 2020-ல் இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தவர்கள் கொரோனாவால் இறக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. 30-க்கும் 60-க்கும் இடையில் இருந்தவர்களுக்கு அது 1.3 மடங்குதான். தடுப்பூசி வருவதற்கு முந்தைய கணக்கு இது.

அட்மிட் ஆனபின் பெரும்பாலும் சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? காய்ச்சல், வாந்தி, பேதியில் உடம்பு வற்றினால் மிச்சமிருக்கும் கிட்னியும் அடிபடும். அதற்குப் பயந்து சலைனை அதிகம் ஏற்றினால், வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் நீர் கோக்கும். அதைக் கொரோனா நிமோனியாவிலிருந்து பிரித்தறிவது கடினம். பழைய ரிப்போர்ட் கையில் இல்லையென்றால், 2.6 என்பது அவருடைய வழக்கமான அளவா, நேற்று ஏறியதா என்று டியூட்டி டாக்டருக்குத் தெரியாது.

ஆகவே ஒரே தாளில் எழுதி வையுங்கள்: கடைசி மூன்று கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகள் தேதியோடு, வழக்கமான எடை, பி.பி., மாத்திரைகள் மி.கி. கணக்கோடு. இந்தத் தாள் ஆம்புலன்ஸில் அவரோடு போக வேண்டும். டயாலிசிஸ் வசதி உள்ள ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

மருந்து விஷயத்தில் கவனம் வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கல் கடையில் கேட்டதும் தரும் காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் இருக்கிறது; அதுவும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் அறவே கூடாது. பி.பி.க்கு டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம், பி.பி. இறங்கினாலோ பொட்டாசியம் ஏறினாலோ டாக்டர் நிறுத்துவார். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால், உணவு இறங்காத நாட்களில் அதை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இன்னும் சீட்டில் இருந்தால் இன்றே கேளுங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் அது கூடாது.

கொரோனா வைரஸுக்குப் போடும் ரெம்டெசிவிர் ஊசி கிட்னிக்காரர்களுக்கு ஆகாது என்பது பழைய பேச்சு. 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அளவைக் குறைக்காமல் தரலாம் என அனுமதித்தது. டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மி.கி., ஆக்சிஜன் தேவைப்பட்டால் மட்டும். அது சர்க்கரையை ஏற்றும்; ஆனால் கிட்னி பழுதானவர்களிடம் இன்சுலின் நெடுநேரம் தங்கும் என்பதால் அதிகம் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இரவிலும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஈனாக்ஸாபாரினும் ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால் உடம்பில் தேங்கும். அளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் ஹெப்பாரின் தருவார்கள். சாதாரண மார்பு ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம், அதில் கான்ட்ராஸ்ட் மருந்து கிடையாது.

பலரும் கவனிக்காத ஒன்று: ட்ரிப்ஸ் ஊசியை முன்கையில் குத்தாமல் புறங்கையில் போடச் சொல்லுங்கள். பின்னாளில் டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் வழி) வைக்க முன்கை ரத்தக்குழாய்கள் கெடாமல் இருக்க வேண்டும்.

அப்பாவை வீட்டில் பூட்டிவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காலை நடை நல்லது. லோக்கல் ரயிலிலும் ஓ.பி.டி. வரிசையிலும் மாஸ்க் போடட்டும். சளி, காய்ச்சல் என்றால் முதல் நாளே டெஸ்ட் எடுத்து நெஃப்ராலஜிஸ்ட்டுக்கு (கிட்னி டாக்டருக்கு) சொல்லுங்கள். வைரஸ் மருந்து ஆரம்ப நாட்களில்தான் பலன் தரும். ஆக்சிமீட்டர் 93-க்கு இறங்கினால் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். தடுப்பூசி போட்டு வெகுநாள் ஆகியிருந்தால் அதையும் கேளுங்கள். கிட்னி நோயாளிகளுக்கு அதன் பலன் சீக்கிரம் குறையும்.

அட்மிட் ஆகி வீடு திரும்பினால், ஓரிரு வாரத்தில் ஒருமுறையும் மூன்றாம் மாதம் ஒருமுறையும் கிரியாட்டினின் பாருங்கள்.