எண்பதோடு நிறுத்தலாமா?

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறேன். என் போன் வாங்கி நான்கு வருடமாகிறது. பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லி, 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி மகன் வைத்துவிட்டான். வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்கும். ஆனாலும் விடியற்காலை பஸ்ஸில் பாலம் தாண்டுவதற்குள் அணைந்துவிடுகிறது. பகலில் தூங்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன். மகன் செய்தது சரியா? - வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மகன் சொன்னது உண்மைதான் தங்கச்சி. போனில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரி நிரம்ப நிரம்ப அதன் வோல்டேஜ் ஏறும். அந்த உச்சத்திலேயே மணிக்கணக்கில் கிடந்தால் உள்ளே சீக்கிரம் தேய்ந்துபோகும். 2023இல் வந்த ஐபோன் 15இல் ஆப்பிள் நிறுவனமே இந்த 80 வரம்பைக் கொடுத்தது.

ஆனால் எனக்குக் கவலை தந்தது அந்தத் தலையணைதான். சார்ஜ் ஏறும்போது போன் தானாகவே சூடாகும். நீங்களோ பினாங்கின் பட்டப்பகல் வெக்கையில், பஞ்சுக்கு அடியில் வைக்கிறீர்கள். அந்தச் சூடு எங்கே போகும்? பேட்டரியை வெப்பம் அரிப்பதுபோல வேறெதுவும் அரிக்காது. தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். கவரைக் கழற்றிவிட்டு, வெறும் தரையில், காற்றாடிக் காற்று படும் இடத்தில் வையுங்கள்.

தூங்கும்போது 80 வரம்பு இருக்கட்டும். எழுந்ததும் அதை எடுத்துவிடுங்கள். குளித்து, சமைத்து, கிளம்புவதற்குள் மிச்சம் ஏறிவிடும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும், அதனால் எழுந்தவுடனே செய்துவிடுங்கள். நிரம்பிய கையோடு கிளம்பிவிடுவதால் பேட்டரிக்குப் பெரிய கெடுதல் இல்லை. இருட்டில் வீடு திரும்பும் உங்கள் கையில் போன் வேலை செய்ய வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

இன்னொன்று. லாக்கரில் சும்மா கிடக்கும் போன் விடிவதற்குள் 80இலிருந்து தீர்ந்துபோகிறது என்றால், பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஐபோன் 14 வரையான போன்களுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு, 500 முழுச் சுற்றுக்குப் பிறகு (மொத்தம் 100 விழுக்காடு சார்ஜ் செலவானால் ஒரு சுற்று) பழைய கொள்ளளவில் 80 விழுக்காடு மிஞ்சும் என்பதுதான். தினமும் ஒரு சுற்று என்றால் இரண்டு வருடம்கூட ஆகாது. உங்களுடையது எந்தப் போனாக இருந்தாலும் நான்கு வருடம் உழைத்துவிட்டது. தேய்ந்ததை எந்த வரம்பும் திருப்பித் தராது. நல்ல கடையில் காட்டி பேட்டரியை மாற்றிவிடுங்கள். அப்புறம் முதல் நாளிலிருந்தே மகனின் 80 கணக்கைத் தொடங்கலாம், புது பேட்டரிக்குத்தான் அதனால் முழுப் பலன்.