ஆர்ப்பரிப்பு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஜெயித்தவர்கள் 'ஆர்ப்பரித்தார்கள்' என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஆர்த்தல் என்ற பழைய வினையிலிருந்து. உரக்கச் சத்தமிடுவது, அவ்வளவுதான் பொருள். அதன் பெயர்ச்சொல் ஆர்ப்பு. மகிழ்ச்சி இந்தச் சொல்லுக்குள் முதலிலேயே இருந்ததல்ல, களத்தில் வென்றவர்கள் போட்ட சத்தத்தை இதே சொல்லால் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது.

கேள்வி: சங்கப் பாட்டில் உண்டா?

நிறைய. எனக்கு ரொம்பப் பிடித்தவை பரணர் பாடிய இரண்டு. அகநானூறு 246-இல், வெண்ணி என்ற ஊரில் பதினொரு வேளிரையும் (சிற்றரசர்கள்) வேந்தரையும் கரிகாலன் சாய்த்த நாளில் அழுந்தூரில் எழுந்த ஆர்ப்பைச் சொல்கிறார். குறுந்தொகை 393-இல், வாகைப் பறந்தலை என்ற போர்க்களத்தில் பாண்டியனுக்காகப் போரிட்ட அதிகன் தன் யானையோடு விழுந்தபோது கொங்கர் போட்ட ஆர்ப்பு. இரண்டும் போர்ப்பாட்டு இல்லை, காதலைப் பாடும் அகப்பாட்டு! ஊரார் பேசும் அலர் 'ஆர்ப்பினும் பெரிதே' என்றுதான் இரண்டுமே முடிகின்றன. ஒரு பெண்ணைப் பற்றிய வம்புப் பேச்சு, ஒரு படையே வெற்றியில் போட்ட கூச்சலை விடப் பெரிதாம். அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: 'கடல் ஆர்ப்பரித்தது' தப்பா? கடலுக்கு ஏது வெற்றி?

தப்பே இல்லை. ஆர்த்தல் என்பதற்குச் சத்தம்தான் பொருள், முழங்குகிற கடலுக்கு 'ஆர்கலி' என்றே ஒரு பெயர் உண்டு, பழைய நீதிநூலான முதுமொழிக்காஞ்சியில் ஒவ்வொரு பத்தும் 'ஆர்கலி உலகத்து' என்றுதான் தொடங்கும்.

கேள்வி: ஆர்ப்பாட்டம்?

அதே வேர்தான். தெருவில் நின்று கோஷம் போடுவதற்கு இன்று அதைச் சொல்கிறோம், வெற்றி கழன்றுவிட்டது, சத்தம் மட்டும் மிச்சம்.

கேள்வி: கொக்கரிப்பும் ஆர்ப்பரிப்பும் ஒன்றா?

இல்லை, தயவுசெய்து மாற்றிப் போடாதீர்கள். கொக்கரிப்பது கோழி. மனிதனுக்குச் சொல்லும்போது, தோற்றவன் காதில் விழட்டும் என்றே போடுகிற சத்தம், அதில் ஏளனம் இருக்கிறது. ஆர்ப்பரிப்பில் அது கிடையாது. கோப்பை வென்ற அணி 'கொக்கரித்தது' என்று எழுதினால் அந்த அணியைத் திட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: ஜெயிப்பதற்கு முன்பே ஆர்ப்பரிக்கலாமா?

ஏன் கூடாது? தமிழ் பைபிளில் யோசுவா 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எரிகோ நகரில் எக்காளம் ஊதியதும் ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், மதில் விழுவது அப்புறம்தான்.