கேட்கும் முன்பே தள்ளுபடி தருவது பற்றி

விலையைக் குறைக்காதீர்கள், அடுத்து விலை கேட்டு வரும் பத்துப் பேரிடம் முழு விலையைச் சொல்லிவிட்டு, மறுபக்கத்திலிருந்து பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். வீட்டில் மசாலாப் பொடி தயாரித்து விற்கும் நீங்கள், யாரும் பேரம் பேசாதபோதே தள்ளுபடி அறிவிப்பதாகவும், மாதக் கடைசியில் வங்கி இருப்பைப் பார்த்ததும் "எனக்கு இந்தத் தகுதி இல்லையோ" என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டுச் செலவும் தொழில் பணமும் ஒரே கணக்கில் புழங்குவதே இதற்குக் காரணமாக இருக்கலாம். புது மிளகாய் வரத்து மிகுந்திருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆண்டுத் தேவைக்கு வாங்கி வைப்பவரின் கணக்கு அந்த மாதங்களில் வற்றத்தான் செய்யும். அது நட்டம் அன்று, சரக்காக மாறி மூட்டையில் இருக்கும் பணம். பள்ளிக் கட்டணமும் அதே கணக்கிலிருந்து போனால், எது தொழிலின் நிலை, எது குடும்பத்தின் நிலை என்று யாருக்கும் விளங்காது.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பிறகு, விற்பனை நோட்டில் கடந்த மூன்று மாதங்களில் இரண்டாம் முறை வாங்கியவர்களை எண்ணிப் பாருங்கள். அடக்க விலையில் அரவைக் கூலி, பை, அஞ்சல் செலவு ஆகியவற்றுடன் உங்கள் சொந்தக் கூலியையும் சேருங்கள் (பெரும்பாலோர் விடுவது இதைத்தான்).

மீண்டும் வாங்கியவர்கள் மிகக் குறைவு என்றால், உங்கள் ஐயத்தைத் தள்ளிவிடாமல் சுவையையும் விலையையும் ஆராய வேண்டும். உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தால் கணக்கு நோட்டு உதவாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.